விசுவாசம் பின்பக்கத்தில் இருக்கிறது

ஒரு சபை எதை நம்புகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அதன் விசுவாச அறிக்கையை ஓரமாக வையுங்கள். அதன் சட்டவிதிகளை எடுத்துப் படியுங்கள். யார் அங்கத்தினர், யார் கை தூக்கலாம், போதகரை யார் அழைக்கிறார்கள், யார் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பணக்கணக்கை யார் பார்க்கலாம், அநியாயம் நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? அந்தச் சபையின் கடவுள் யார் பக்கம் நிற்கிறார் என்பதற்கான பதில் இந்த வரிகளில் இருக்கிறது. இதைச் சொன்னால் சபைக்காரர்களுக்கும் கோபம் வரும், சபை என்றாலே சிரிக்கும் நம் இலக்கிய நண்பர்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பாப்திஸ்து சபை தன் அமைப்புச் சட்டத்தைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னது. நான் பாப்திஸ்து இல்லை. மொழிபெயர்ப்பு எனக்குக் கைச்செலவுக்கு. ஆங்கிலத்தில் இருபது சொச்சம் பக்கம். முதல் ஆறு பக்கம் விசுவாச அறிக்கை: வேதாகமம், திரியேக தேவன், பாவம், இரட்சிப்பு, முழுக்கு ஞானஸ்நானம், திருவிருந்து, இரண்டாம் வருகை. உலகத்தில் எந்தப் பாப்திஸ்து சபைக்குப் போனாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். மீதிப் பக்கங்கள் நிர்வாகம். செயலாளர் நல்ல மனிதர். போனில் சொன்னார்: "முன்னாடி இருக்கறத மட்டும் பண்ணிக் குடுங்க போதும். பின்னாடி இருக்கறதெல்லாம் பைலாதானே, அத யாரு படிக்கப் போறா?"

"ஓட்டுப் போடறவங்க படிக்கணும்ல?" என்றேன்.

"அவங்களுக்குக் கூட்டத்துல சொல்லிடுவோம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தொண்டையில் முள்ளாய் நின்றது. அந்தச் சபையின் தமிழ் ஆராதனைக்கு வரும் பாட்டிகளும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த அண்ணன்களும் திரித்துவத்தைத் தமிழில் படிக்கலாம். போதகரை நீக்க எத்தனை வாக்கு வேண்டும் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடவுளின் இரகசியம் அவர்கள் மொழியில், கமிட்டியின் இரகசியம் ஆங்கிலத்தில்.

இது வேறு சபையில் நடந்திருந்தால் நான் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். பாப்திஸ்து சபையில் நடப்பதுதான் வேடிக்கை. ஏன் என்று சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு சர்ச் என்றால் எல்லாம் ஒன்றுதான். கத்தோலிக்கருக்கு மேலே ஆயர், அவருக்கு மேலே போப். மெதடிஸ்டுகளுக்கும் லுத்தரன்களுக்கும் ஆங்கிலிக்கன்களுக்கும் நம் நாட்டிலேயே பிஷப்புகள் இருக்கிறார்கள். மெதடிஸ்ட் போதகர் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பது மேலிடத்து நியமனம். பாப்திஸ்து சபைக்கு மேலே யாரும் இல்லை. பிஷப் கிடையாது, தலைமையகம் கிடையாது. ஊருக்குள் இருக்கும் அந்தச் சிறு கூட்டம்தான் முழுச் சபை. போதகரை அவர்களே தேடி, அவர்களே வாக்களித்து அழைப்பார்கள். டீக்கன்களை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டுச் செலவுத் திட்டத்துக்கு அவர்களே கை தூக்குவார்கள். மாநாடு, ஐக்கியம் என்று பெரிய அமைப்புகள் உண்டு. ஆனால் அவை சபைகள் விரும்பிச் சேர்கிற கூட்டமைப்புகள். சபைக்கு உத்தரவு போட முடியாது.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1609-இல் இங்கிலாந்திலிருந்து தப்பி ஆம்ஸ்டர்டாமில் ஒதுங்கியிருந்த ஒரு சின்னக் கூட்டத்தின் தலைவர் ஜான் ஸ்மித், தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தார். தண்ணீரில் முக்கினார் என்று நினைக்காதீர்கள், ஊற்றிக்கொண்டார். முழுக்கு முறை முப்பது வருடம் கழித்துத்தான் ஆங்கிலப் பாப்திஸ்துகளிடம் நிலைத்தது. ஸ்மித்துக்கு முக்கியமாகப் பட்டது தண்ணீரின் அளவு இல்லை, தண்ணீர் படுகிறவரின் வயது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தப்பு என்றார். குழந்தை பதில் சொல்லாது. பதில் சொல்லக்கூடிய ஒருவர், சுயமாகச் சம்மதித்துத்தான் சபைக்குள் வரவேண்டும்.

இப்போது இந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். அன்றைய இங்கிலாந்தில் நாட்டில் பிறந்தவர் எல்லாரும் அரசனின் சபைக்குள் பிறந்தவர்கள். பிறப்பால் யாரும் சபைக்குள் வர முடியாது என்றால், அரசன் யாரையும் சபைக்குள் தள்ள முடியாது. அரசனால் முடியாது என்றால் பிஷப்பாலும் முடியாது. சுயசம்மதத்தோடு வந்தவர்கள் எல்லாரும் சமம் என்றால், சபையின் காரியத்தை அவர்கள் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும். ஞானஸ்நானமும் வாக்குரிமையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முன்பக்கம், பின்பக்கம் என்று பிரித்து வைத்தது நாம்.

ஸ்மித்தின் தோழர் தாமஸ் ஹெல்விஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி 1612-இல் ஒரு புத்தகம் போட்டார். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான காரியத்தில் அரசனுக்கு வேலை இல்லை, துருக்கியரானாலும் யூதரானாலும் தண்டிக்கும் உரிமை அவனுக்குக் கிடையாது என்று எழுதினார். அந்தக் காலத்தில் துருக்கியர் என்றால் முஸ்லிம் என்று அர்த்தம். தன் எதிரிகளின் சுதந்திரத்துக்கும் சேர்த்துப் பேசிய மனிதர். நியூகேட் சிறையில் போட்டார்கள், அங்கேயே செத்தார். 1644-இல் லண்டனின் ஏழு சபைகள் சேர்ந்து ஒரு விசுவாச அறிக்கை வெளியிட்டபோது, தன் போதகர்களையும் மூப்பர்களையும் டீக்கன்களையும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒவ்வொரு சபைக்கும் உண்டு என்பதை அந்த அறிக்கைக்குள்ளேயே எழுதினார்கள். அவர்களுக்கு நிர்வாகம் விசுவாசத்தின் ஒரு பகுதி. பின்னிணைப்பு கிடையாது.

தமிழ் வாசகருக்கு இந்த உலகத்தோடு நாம் நினைப்பதைவிட நெருக்கமான உறவு இருக்கிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான கதையை எழுதிய ஜான் பன்யன் இந்த வட்டத்து ஆள். பெட்ஃபோர்டில் அவர் இருந்த சபையைப் பாப்திஸ்துகளும் சுயாதீனச் சபையாரும் இருவருமே தமது என்பார்கள். தொழில் ஓட்டைப் பாத்திரம் அடைப்பது. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-இல் பிடித்து ஏறக்குறைய 12 வருடம் உள்ளே வைத்தார்கள். பட்டமில்லாத அந்தப் பாத்திரக்காரரை ஊர்ச்சபை தன் போதகராகத் தேர்ந்தெடுத்தது. எந்த பிஷப்பும் இப்படி ஒரு நியமனம் செய்திருக்க மாட்டார். கிருஷ்ணபிள்ளையின் செய்யுளைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு சபையின் வாக்கும் இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

எவ்வளவு அழகான கதை. இங்கேயே நிறுத்தினால் இது சபையின் பொன்விழா மலருக்கான கட்டுரை. நிறுத்தப் போவதில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெய்ன்ஸ் என்ற குட்டி ஊர். கடலை விளையும் பூமி. அங்கே ஒரு பாப்திஸ்து சபை. அதன் டீக்கன்களில் ஒருவர் ஜிம்மி கார்ட்டர், பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவர். 1965-இல் கறுப்பினத்தவர் சம உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. வெள்ளையர் ஆலயங்களுக்குள் கறுப்பினத்தவர் போய் ஆராதனையில் உட்காருவதும் அந்தப் போராட்டத்தில் ஒரு வழி. ப்ளெய்ன்ஸ் சபையின் டீக்கன்கள், கறுப்பினத்தவரையும் உரிமைப் போராளிகளையும் ஆலயத்துக்குள் விடக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். சபைக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. கார்ட்டர் எழுந்து எதிர்த்துப் பேசினார். தீர்மானத்துக்கு எதிராக விழுந்தவை அவர் குடும்பத்தின் வாக்குகளும் இன்னும் ஒருவருடைய வாக்கும். தீர்மானம் நிறைவேறியது.

கவனியுங்கள். இங்கே விதிமீறல் எதுவும் இல்லை. முறைப்படி கூட்டம், முறைப்படி தீர்மானம், எதிர்த்துப் பேச வாய்ப்பு, எண்ணப்பட்ட வாக்கு. ஹெல்விஸ் சிறையில் செத்து வாங்கித் தந்த அதே உரிமையை வைத்துத்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள். விசுவாச அறிக்கையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கடவுள் எல்லா மனிதரையும் நேசிக்கிறார் என்பது முன்பக்கத்தில் அப்படியே இருந்தது. பின்பக்கத்தில் ஒரு தீர்மானம் சேர்ந்தது, அவ்வளவுதான். வாசலில் நிற்கிற கறுப்பினத்தவருக்கு எந்தப் பக்கம் முக்கியம்?

பதினோரு வருடம் அந்தத் தீர்மானம் உயிரோடு இருந்தது. 1976 அக்டோபர் 31, அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, க்ளெனன் கிங் என்ற கறுப்பினப் போதகர் அங்கத்தினராகச் சேர வருவதாக அறிவித்துவிட்டு வந்தார். அன்றைய ஆராதனையையே டீக்கன்கள் ரத்து செய்தார்கள். உலகப் பத்திரிகையாளர்கள் வாசலில். நவம்பர் 14 அன்று சபை மறுபடி கூடி வாக்களித்துத் தடையை நீக்கியது. ஆனாலும் கிங் அங்கத்தினராகச் சேர்க்கப்படவில்லை. தடைக்கு எதிராக நின்ற போதகர் புரூஸ் எட்வர்ட்ஸ் சில மாதங்களில், 1977 பிப்ரவரியில், பதவி விலக வேண்டி வந்தது. அதே வருடம் ஒரு பகுதியினர் பிரிந்துபோய் மரநாதா பாப்திஸ்து சபையைத் தொடங்கினார்கள். வெள்ளை மாளிகையிலிருந்து திரும்பிய கார்ட்டர் அங்கேதான் சேர்ந்தார், அங்கேதான் பல பத்தாண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்தினார்.

பாப்திஸ்து ஏற்பாட்டின் வலிமையும் ஓட்டையும் இந்த ஒரு ஊருக்குள் இருக்கின்றன. கூட்டம் தப்பாக வாக்களித்தால் மேலே போய் முறையிட ஆள் இல்லை. உனக்கு இரண்டே வழி: அடுத்த கூட்டம் வரை காத்திரு, இல்லாவிட்டால் வெளியே போய்ப் புதுச் சபை கட்டு. கார்ட்டருக்கு இரண்டும் முடிந்தது. வாக்கே இல்லாத கறுப்பினத்தவருக்கு?

இது ஒரு ஊரின் தனிக்கதை என்று சொல்ல முடியாது. ப்ளெய்ன்ஸ் சபை சேர்ந்திருந்த தெற்கத்திய பாப்திஸ்து மாநாடு பிறந்ததே இப்படி ஒரு நிர்வாகக் கேள்வியில்தான். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா? முடியாது என்று வடக்கத்தியர் கையில் இருந்த மிஷன் சங்கங்கள் சொன்னதும், 1845-இல் தெற்குச் சபைகள் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கூடித் தனி மாநாடு கண்டன. இரு தரப்பின் விசுவாசத்திலும் வித்தியாசம் கிடையாது. அதே வேதாகமம், அதே ஞானஸ்நானம், அதே திருவிருந்து. பிரித்தது யாரை நியமிக்கலாம் என்ற ஒரு விதி. அதற்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை ஆனது, 150 வருடம்.

இன்னொன்று. மாநாட்டுக்குச் சபைகள் அனுப்புகிறவர்களைப் பிரதிநிதி என்று சொல்லாமல் தூதர் என்றே சொல்வது அவர்கள் வழக்கம். தூதர் வாக்களித்தார் என்பதற்காக அவரை அனுப்பிய சபை கட்டுப்படாது என்று காட்டத்தான் அந்தச் சொல். 1885-இல் ஆர்கன்சாவிலிருந்து இரண்டு பெண்கள் அப்படி வந்து இறங்கினார்கள். பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் வரக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அமைப்புச் சட்டத்தில் 'அங்கத்தினர்கள்' என்றிருந்த சொல்லை 'சகோதரர்கள்' என்று மாற்றினார்கள். ஒரே ஒரு சொல். அடுத்த 33 வருடம், 1918 வரை, பெண்கள் அந்த அவையில் உட்கார முடியவில்லை. வார்த்தையோடு மல்லுக்கட்டுகிற நாம், பைலா என்றால் இலக்கியத்துக்கு வெளியே என்று நினைக்கிறோம். ஒரு பெயர்ச்சொல்லை மாற்றிப் பாதி மனிதகுலத்தை வெளியே நிறுத்த முடிந்தது எந்தக் கவிதையாலும் இல்லை, ஒரு துணைவிதியால்.

"அதெல்லாம் பழைய கதைங்க" என்பவர்களுக்காகச் சமீபத்துக்கு வருகிறேன்.

2019-இல் டெக்சாஸின் இரண்டு நாளிதழ்கள் சேர்ந்து ஒரு தொடர் வெளியிட்டன. இருபது வருடங்களில் தெற்கத்திய பாப்திஸ்து சபைகளின் போதகர்கள், ஊழியர்கள், தொண்டர்கள் என ஏறக்குறைய 380 பேர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள். பாதிக்கப்பட்டவர்கள் 700 பேருக்கு மேல், பலர் சிறுவர் சிறுமியர். ஒரு சபையில் மாட்டிக்கொண்டவர் இன்னொரு ஊர்ச் சபைக்குப் போய் அங்கேயும் போதகராகிறார். புது சபைக்குப் பழைய கதை தெரியாது. இப்படிப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பராமரியுங்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் பல வருடமாகக் கெஞ்சியிருந்தார்கள். 2008-இல் மாநாட்டின் நிர்வாகக் குழு மறுத்தது. காரணம்? ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது, எங்களால் தலையிட முடியாது. பிறகு 2022 மே மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கை ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தது: அந்த நிர்வாகக் குழுவின் அலுவலகத்திலேயே 700-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று ரகசியமாக இருந்திருக்கிறது. பட்டியல் போடத் தன்னாட்சி தடுக்கவில்லை. வெளியே காட்டத்தான் தடுத்தது.

சரி, தன்னாட்சியை அவ்வளவு மதிக்கிறவர்கள் எல்லா விஷயத்திலும் மதித்தார்களா? கலிபோர்னியாவின் சேடில்பேக் சபை அந்த மாநாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று. 2021-இல் மூன்று பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்தது. போதகர் பதவி ஆண்களுக்கு மட்டும் என்று மாநாடு 2000-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில் எழுதி வைத்திருந்தது. அந்த அறிக்கை வந்த வருடம்தான் கார்ட்டரே மாநாட்டோடு உறவு முறிந்தது என்று அறிவித்தார். 2023 பிப்ரவரியில் சேடில்பேக்கை நீக்கினார்கள். மேல்முறையீடு செய்தபோது ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் 9,437 வாக்குகளுக்கு 1,212 என்ற கணக்கில் நீக்கம் உறுதியானது.

மாநாட்டால் ஒரு சபையின் போதகரை வேலையைவிட்டுத் தூக்க முடியாது. உண்மை. 'நீ எங்களோடு இல்லை' என்று சபையைத் தள்ளி வைக்க மட்டும்தான் முடியும். அதுவும் உண்மை. அப்படியென்றால், குற்றவாளியை மேடையில் ஏற்றிய சபைகளையும் அதே வழியில் தள்ளி வைத்திருக்கலாமே? அதற்கான வரி அமைப்புச் சட்டத்தில் சேர்ந்தது பத்திரிகைகள் நாறடித்த பிறகுதான். மேடையில் பெண் ஏறினால் தன்னாட்சி காகிதம். புகார் சொல்ல ஒரு சிறுமி வந்தால் தன்னாட்சி கற்சுவர்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது. "பார்த்தியா, சாதாரண சனங்க கையில அதிகாரத்தக் குடுத்தா இப்படித்தான். மேல ஒரு ஆள் வேணும்." இது சோம்பேறி முடிவு. மேலே ஆள் இருந்த இடத்தில் என்ன நடந்தது? 2002-இல் பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்க மறைமாவட்டத்தைப் பற்றி அந்த ஊர் நாளிதழ் வெளியிட்டதும் இதே கதைதான். குற்றம் செய்த பாதிரியாரை ஊர் ஊராக மாற்றியது மேலே இருந்த அதே ஆள்தான். பிஷப் இருந்தால் கோப்பு பிஷப்பின் அலமாரியில், பிஷப் இல்லாவிட்டால் கோப்பு யாருடைய அலமாரியிலும் இல்லை. அலமாரியைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதை எழுதி வைக்காதவரை இரண்டும் ஒன்று.

என் கட்சி பெரும்பான்மைக்கு எதிரானது இல்லை. பாத்திரம் அடைப்பவரைப் போதகராக்கிய அந்தக் கை தூக்கலை நான் எந்த பிஷப்புக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கை தூக்குவது மட்டும் போதாது. ஒரு சபையின் சட்டவிதிகளில் நான் மூன்றைத் தேடுவேன். ஒன்று, தோற்றவர்களும் புகார் சொல்பவர்களும் போய் நிற்க, அந்தச் சபையின் சம்பளமோ சொந்தபந்தமோ இல்லாத வெளி ஆள் ஒருவர் பெயர் குறித்து வைக்கப்பட்டிருக்கிறாரா? இரண்டு, சாதாரண அங்கத்தினர் கேட்டால் கணக்குப் புத்தகத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று இருக்கிறதா? மூன்று, இந்தச் சட்டவிதிகள் அங்கத்தினர்கள் ஜெபம் பண்ணும் மொழியில் இருக்கின்றனவா?

மூன்றாவதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள்தான் அதிகம். நம் நாட்டில் பாப்திஸ்து சபைகள் வேர்பிடித்ததில், 1950-களின் தொடக்கத்தில் சீனாவைவிட்டு வெளியேறி இங்கே வந்த தெற்கத்திய பாப்திஸ்து மிஷனரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பினாங்கில் 1954-இல் இறையியல் கல்லூரியும் தொடங்கினார்கள். அவர்களோடு அவர்களுடைய அமைப்புச் சட்டத்தின் மாதிரியும், அதன் மொழியும் வந்தன. மிஷனரிகள் போய்விட்டார்கள். நான் பார்த்த தமிழ்ச் சபைகளில் பாட்டு தமிழில், பிரசங்கம் தமிழில், சாட்சி தமிழில். ஆண்டுக் கூட்டத்துத் தாள் மட்டும் ஆங்கிலத்தில். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டதும் கைகள் எழும்புகின்றன. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, ஏனென்றால் அது புரியாமல் தலையாட்டும் என்று சொன்னவர்களின் வாரிசுகள், பெரியவர்களைப் புரியாமல் கைதூக்க வைக்கிறார்கள். பாப்திஸ்து இறையியலின்படியே இது செல்லாத சம்மதம்.

இனி சபைக்கு வெளியே நின்று சிரிக்கிற நமக்கு. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்தான் நம் நாட்டின் பல சபைகளும் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் வாசகர் வட்டங்களும் பதிவாகியிருக்கின்றன. எல்லாருக்கும் அமைப்புச் சட்டம் உண்டு. எல்லாரும் ஆண்டுதோறும் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கோடு அறிக்கை அனுப்ப வேண்டும். நம் சங்கங்களின் முன்பக்கத்தில் தமிழ், பண்பாடு, கருத்துச் சுதந்திரம், மனிதநேயம். பின்பக்கம்? நீங்கள் ஒரு இலக்கிய அமைப்பில் அங்கத்தினராக இருந்தால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அதன் சட்டவிதிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? தலைவரை மாற்ற எத்தனை பேர் வேண்டும் என்று தெரியுமா? போன வருடத்து மானியம் எங்கே போனது என்று கேட்டவருக்கு என்ன பதில் வந்தது? "தமிழுக்குச் சேவை செய்யறோம், இதுல போய் கணக்கு கேக்கறியே தம்பி?" இந்தப் பதிலுக்கும் "ஊழியக்காரரைக் குறை சொல்லக்கூடாது" என்ற பதிலுக்கும் எழுத்து மட்டும்தான் வேறு.

போதகர் என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரம் என்று கண்டுபிடிக்கிற நம் கூர்மை, பேராசிரியர், மூத்த எழுத்தாளர், புரவலர் என்ற சொற்களுக்கு முன்னால் மழுங்கிப் போகிறது. பாப்திஸ்துகளிடம் 400 வருடத்துச் சண்டையும் தோல்வியும் எழுத்தில் இருக்கின்றன. எந்த வருடம் எந்தச் சொல்லை மாற்றினார்கள், யார் எதிர்த்து வாக்களித்தார்கள், எத்தனை வாக்கு என்று ஆதாரத்தோடு அவர்களைத் திட்ட முடிகிறது. நம் சங்கங்களை அப்படித் திட்டக்கூட முடியாது. பதிவே கிடையாது.

ஆகவே சபையில் இருக்கும் இளைஞர்களுக்கும் சங்கத்தில் இருக்கும் இளைஞர்களுக்கும் ஒரே வேலை. வரும் ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே செயலாளருக்கு எழுதுங்கள், அமைப்புச் சட்டத்தின் முழுப் பிரதி வேண்டும் என்று. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் நாலு பேர் உட்கார்ந்து தமிழில் பெயர்த்துவிடுங்கள். இருபது பக்கம்தான், இரண்டு வார இறுதிகளுக்குள் முடியும். பிரதி எடுத்துப் பின்வரிசையில் உட்காரும் பாட்டியிலிருந்து ஆரம்பித்துக் கொடுங்கள். "பிரச்சினை பண்றாங்க" என்பார்கள். பண்ணுங்கள். ஹெல்விஸ் மேலும் பன்யன் மேலும் அன்றைக்கு இருந்த குற்றச்சாட்டு அதுதான்.

அதற்குப் பிறகும் அந்தக் கூட்டம் கூடிக் கதவைச் சாத்த வாக்களிக்கலாம். ப்ளெய்ன்ஸில் அப்படித்தான் நடந்தது. ஆனால் எதற்குக் கை தூக்கினோம் என்று தெரியாது என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது.